பழைய ஸ்பீக்கரைத் திருத்துறதும் எங்கட அரசியலும்

(ஸ்ரௌவ்வில்லில் நடந்த எங்கள் மாதச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மாதம் பழைய ஸ்ரூடியோ ஸ்பீக்கர்களைத் திருத்துவது பற்றிக் கதைக்கப் போறன் எண்டு அறிவிப்புப் போனதும் ஒரு தம்பி எனக்கு எழுதிக் கேட்டார்: "அண்ணை, இது பென்சன் எடுத்த ஆக்களின்ர பொழுதுபோக்கெல்லோ? வாடகைப் போராட்டம் பற்றிக் கதைக்கிற இடத்தில இது என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. எங்களுக்கு முன்னால இருக்கிற ஒரு வேலையில் இருந்து பதிலைத் தொடங்குறன்.

எங்கட அமைப்பு கசெற்றுகளைச் சேர்த்து வருகுது. உங்களில் பலர் இதைக் கண்டிருக்க மாட்டியள்: எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் இடையில் கடிதம் போலவே கசெற்றும் போய் வந்தது. எழுத வராத அம்மம்மா கசெற்றில கதைச்சு அனுப்புவா. சேவல் கூவுறது, பிள்ளை அழுகிறது, தூரத்தில ஷெல் விழுறது எல்லாம் அதுக்குள்ள இருக்கும். இவற்றோடு கூட்டங்களில் பதிஞ்ச பேச்சுகள், நாடகங்கள், செத்தவீட்டில் பாடின ஒப்பாரிகளும் வந்திருக்கு. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் முழுநேரத் தமிழ் வானொலி கேட்கச் சாதாரண ரேடியோ போதாது. எஃப்.எம். அலையோட சேர்ந்து வந்த துணை அலையைப் பிடிக்கிற தனிப்பெட்டி ஒண்டு வாங்கவேணும். அந்தப் பெட்டியில இருந்து பதிஞ்ச நிகழ்ச்சிகளும் எங்களிட்ட வந்திருக்கு.

இதுகளைக் கணினியில் ஏற்றுறது சின்ன வேலை. யார் கதைக்கினம், எந்த ஊர், எந்த வருசம் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் பெரிய வேலை. அதைச் சொல்லக்கூடிய ஆக்களுக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. லப்ரொப்பில போட்டுக் காட்டினால் "சத்தம் விளங்கேல்லை, பிள்ளை" எண்டு சொல்லுவினம். காதில ஹெட்போனைக் கொழுவினால் ஐஞ்சு நிமிசத்தில கழட்டி வைச்சிடுவினம். நாலு பேர் சேர்ந்து இருந்து கேட்டு, "இது எங்கட மாஸ்ரற்ற குரலெல்லோ" எண்டு ஒருத்தர் தொடங்க, "இல்லை, அவற்ற தம்பி" எண்டு மற்றவர் மறுக்கிறதுக்கு ஒரு அறையும், குரலை உள்ளபடி சொல்லுற ரெண்டு ஸ்பீக்கரும் வேணும். புதிசு வாங்க எங்களிட்டக் காசில்லை. ஆனால் மூடப்பட்ட சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்தும், வீடு மாறுற ஆக்களின்ர பேஸ்மென்றுகளில் இருந்தும் நல்ல ஸ்பீக்கர்கள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கு.

எங்கட சனம் சென் ஜேம்ஸ் ரவுணில இருந்து ஸ்காபரோவுக்கும், பிறகு மார்க்கத்துக்கும், இப்ப ஸ்ரௌவ்வில்லுக்குமாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கு. யூனியன் ஸ்ரேசனில கோ ரெயில் ஏறி கெனடி, அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில் எண்டு வந்தால் அந்த நகர்வின்ர பெரும்பகுதியை யன்னலாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு நகர்விலயும் பாரமான சாமான்கள் தெருவோரத்துக்கு வருகுது. மரப்பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர்தான் முதலில் வரும்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த ஸ்பீக்கர்களைத் திருத்தலாம். திருத்துற அறிவு எங்கட சனத்திட்ட இருந்தது, இப்பவும் இருக்கு. அது ஒரு ஆளின்ர பேஸ்மென்றுக்குள்ள கிடக்கும்வரை பொழுதுபோக்கு. எல்லாருக்கும் பழக்கினால் அமைப்பின்ர பலம்.

பிழையைக் காட்டுற ஸ்பீக்கர்

ஸ்ரூடியோவில் பாவிக்கிற ஸ்பீக்கரை மொனிட்டர் எண்டு சொல்லுவினம். வீட்டுக்கு விற்கிற ஸ்பீக்கர் பெரும்பாலும் எங்களைச் சந்தோசப்படுத்தப் பார்க்கும். அடித்தொனியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், உச்சத்தொனியை மினுக்கும். மொனிட்டரின்ர வேலை பிழையைக் காட்டுறது. மைக்குக்குப் பக்கத்தில ஆரோ கதிரையை இழுத்தால் அது கேட்கவேணும்.

பிபிசி இதுக்காகத் தன்ர ஆராய்ச்சிப் பிரிவிலேயே மொனிட்டர்களை வடிவமைத்தது. 1970களில் வந்த எல்.எஸ்.3/5ஏ எண்ட சின்னப் பெட்டி, வெளியிட ஒலிபரப்பு வான்களுக்குள்ள வைக்கிறதுக்காகச் செய்தது. அவர்களுடைய முக்கியமான சோதனைகளில் ஒன்று மனிதக் குரல். ஒருவர் நேரில் பேசுவதையும் அதே குரல் ஸ்பீக்கரில் வருவதையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிட்டார்கள். எங்கட கசெற்று வேலைக்கு வேண்டியதும் இந்தத் தன்மைதான்.

இன்னொரு பெயர் யமஹா என்.எஸ்.10. வெள்ளைக் கூம்பு வைச்ச கறுப்புப் பெட்டி. ஸ்ரூடியோப் படங்களில் கட்டாயம் கண்டிருப்பியள். 1978 இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தபோது பெரிசாக எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பொறியாளர்கள் அதைக் கலவை மேசைக்கு மேல தூக்கி வைச்சார்கள். அதில் நல்லாகக் கேட்டால் எங்கேயும் நல்லாகக் கேட்கும் எண்டு நம்பினார்கள். உச்சத்தொனி காதைக் குத்துது எண்டு ருவீற்றருக்கு முன்னால ரிசு ஒட்டின கதையும் உண்டு. 2001 இல் யமஹா அதை நிறுத்தியது. கூம்புக்கு வேண்டிய காகிதக்கூழ் இனிக் கிடைக்காது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அந்த வெள்ளைக் கூம்பை மனதில் வைத்திருங்கள். பிறகு அதுக்குத் திரும்ப வருவன்.

ஒட்டாவாவில் ஒரு திரை

கனடாவுக்கும் இதில் ஒரு கதை இருக்கு. ஒட்டாவாவில் இருக்கிற தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஃபுளோய்ட் ரூல் எண்ட ஆய்வாளர் 1965 இல் சேர்ந்து, 1991 வரை வேலை செய்தார். ஸ்பீக்கரை ஒரு திரைக்குப் பின்னால மறைச்சு வைச்சு, எது எந்தக் கம்பனி எண்டு தெரியாமல் ஆக்களைக் கேட்க விட்டார். எதிரொலி இல்லாத அறையில் அதே ஸ்பீக்கர்களை அளந்தும் பார்த்தார். கண்ணால பார்க்காமல் கேட்கேக்க, எந்தத் தொனியையும் கூட்டாமல் குறைக்காமல் தருகிற ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்புகினம் எண்டு தெரிய வந்தது. பிறகு அவர் ஒரு அமெரிக்கக் கம்பனிக்குப் போய், சோன் ஒலிவ் என்பவரோடு சேர்ந்து 1994 இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஸ்பீக்கரைக் கண்ணால் காட்டினதும் அதே ஆட்களின் கருத்து அதன் அளவுக்கும் விலைக்கும் பெயருக்கும் ஏற்ற மாதிரி மாறிச்சு.

இதில் ரெண்டு விசயம் எங்களுக்கு வேணும். ஒன்று, அந்த ஆராய்ச்சி பொதுப்பணத்தில் நடந்தது. பீ.எஸ்.பி., பரடைம் போன்ற கனடியக் கம்பனிகள் அந்த ஆய்வுகூடத்தைப் பயன்படுத்தி வளர்ந்தன. அடிப்படை அறிவுக்குச் சனத்தின்ர வரிப்பணம், லாபத்துக்குக் கம்பனி எண்ட பழைய ஏற்பாடு இங்கயும் நடந்தது. மற்றது, அந்த ஆய்வுகள் கட்டுரைகளாக வெளிவந்தன. அதால உங்களிட்டயும் என்னட்டயும் இருக்கிற மலிவான அளவீட்டு மைக்கோடு, "இந்த ஸ்பீக்கர் திருத்தின பிறகு சரியாயிருக்கா" எண்டு நாங்களே சோதிக்கலாம். மூவாயிரம் டொலர் வயர் விற்கிறவன் சொல்லுறதை நம்பத் தேவையில்லை.

திறந்து பார்த்தால்

சரி, பெட்டியைத் திறப்பம். பழைய ஸ்பீக்கரில் அடிக்கடி போறது ரெண்டு சாமான்.

முதலாவது, கூம்பின் விளிம்பில் இருக்கிற ஸ்பொஞ்ச் வளையம். கூம்பு முன்னும் பின்னும் ஆட இடம் கொடுக்கிறது அதுதான். அந்தக் காலத்தில் பல கம்பனிகள் பொலியூரிதேன் ஸ்பொஞ்ச் பாவித்தன. காற்றில் இருக்கிற ஈரமும் வெளிச்சமும் பட்டு, பதினைஞ்சு இருபது வருசத்தில் அது பிசுபிசுத்து உதிர்ந்து போகும். தொட்டால் பழைய கேக் மாதிரி விரலில் வரும். கனபேர் இதைக் கண்டதும் "ஸ்பீக்கர் முடிஞ்சுது" எண்டு தூக்கி எறிவினம். அது முடியேல்லை. கூம்பு, காந்தம், அதுக்குள்ள நிற்கிற செப்புக்கம்பிச் சுருள் எல்லாம் நல்லாயிருக்கும்.

செய்யிற முறை இது. மல்ரிமீற்றரால சுருளின்ர தடையை அளந்து பாருங்கோ. எட்டு ஓம் எண்டு எழுதியிருந்தால் ஆறுக்குக் கிட்ட ஒரு எண் காட்டும். ஒண்டுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கு. பிறகு பழைய ஸ்பொஞ்சை மரக்குச்சியால் சுரண்டி, அல்கஹோல் தொட்ட துணியால் மிச்சத்தைத் துடைக்கவேணும். புது வளையத்தைக் கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, அதன் பிறகு வெளி இரும்புச் சட்டத்தில் ஒட்டவேணும். இந்த இடத்தில்தான் பொறுமை தேவை. சுருள் காந்தத்தின்ர இடுக்குக்குள்ள எந்தப் பக்கமும் முட்டாமல் நடுவில் நிற்கவேணும். பசை காய முதல், முப்பது ஹேர்ட்ஸ் தொனியை மெதுவாகக் கொடுத்துக் காதை வைச்சுக் கேளுங்கோ. உரசுற சத்தம் வந்தால் கூம்பைச் சற்று அசைத்து, சத்தம் நிற்கிற இடத்தில் விடவேணும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் காயவிடுங்கோ.

இரண்டாவது, பெட்டிக்குள்ள எந்தத் தொனி எந்த ஸ்பீக்கருக்குப் போகவேணும் எண்டு பிரிக்கிற சுற்று. அதில் இருக்கிற பழைய கப்பாசிற்றர்கள் காலப்போக்கில் காய்ந்து அளவு மாறும். அவற்றைக் கழட்டி அளந்து, அதே அளவில் புதுசு போட்டுப் பற்றாசு வைக்கவேணும். விலை கூடின பிலிம் வகை போட்டால், பழசில் இருந்த சின்ன உள்தடை இல்லாமல் போய் உச்சத்தொனி கொஞ்சம் கூடலாம். அப்பிடி வந்தால் ஒரு சின்னத் தடையைத் தொடரில சேருங்கோ.

திரும்பப் பூட்ட முதல் ஒரு சோதனை. 1.5 வோல்ற் பற்றறியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் தொட்டால் கூம்பு வெளியே வரவேணும். பழைய ஜே.பி.எல்.இல் மட்டும் உள்ளே போகும்; அவர்கள் அந்த நாளில் மறுவளமாகத்தான் குறித்தார்கள். ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசையாவிட்டால் நடுவில் வரவேண்டிய குரல் ஓட்டையாகக் கேட்கும். அம்ப் பெட்டியை மட்டும் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் திறக்காதேங்கோ. பிளக்கைக் கழட்டின பிறகும் அதுக்குள்ள ஆபத்தான மின் நிற்கும்.

ஒரு சோடி வளையம், பசை எல்லாம் சேர்த்து, நாலு பேர் பீட்சா சாப்பிடுற காசுக்குள்ள முடியும்.

காந்தத்துக்குள்ள கொங்கோ

பழைய மொனிட்டரைத் தூக்கினால் நாரி பிடிக்கும். பாரம் காந்தத்தில. எழுபதுகளின் கடைசி வரைக்கும் நல்ல ஸ்பீக்கர்களில் அல்னிக்கோ காந்தம் இருந்தது: அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்தது. அந்தக் கோபால்ட்டில் பெரும்பங்கு சயீரில் இருந்து, அதாவது இன்றைய கொங்கோவின் கட்டங்கா பகுதியில் இருந்து வந்தது. 1978 இல் அங்க கொல்வேசி எண்ட சுரங்க நகரத்தைக் கிளர்ச்சியாளர்கள் பிடிக்க, பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் இறங்கின. கோபால்ட் விலை எகிறிச்சு. ஜே.பி.எல். உட்படப் பல கம்பனிகள் ஃபெரைற் காந்தத்துக்கு மாறின. ஒரே மொடலில் பழைய வரிசையில் அல்னிக்கோவும் புதிய வரிசையில் ஃபெரைற்றும் இருக்கிறதுக்கு இதுதான் காரணம். விலை கேட்டு வாதாடுற சேகரிப்பாளர்கள் "அல்னிக்கோ சத்தம் தனி" எண்டு சொல்லுவினம். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி அந்த வாதங்களில் ஒண்டும் வராது.

இண்டைக்கு அதே கொல்வேசியின் கோபால்ட் எங்கட போன் பற்றறிக்குள்ள இருக்கு. நாப்பது வருசத்துக்கு முதல் தோண்டி எடுத்த உலோகத்தை இன்னும் நாப்பது வருசம் வேலை செய்ய வைக்கிறது, அந்தத் தொழிலாளருக்கு நாங்கள் செய்யக்கூடிய சின்ன மரியாதை. அதைப் பெரிய அரசியல் எண்டு நான் சொல்ல வரவில்லை.

ஆர் முடிவெடுக்கிறது?

இப்ப அந்த வெள்ளைக் கூம்புக்கு வருவம். என்.எஸ்.10 உற்பத்தி நின்ற பிறகு அதன் விலை சந்தையில் ஏறத் தொடங்கிச்சு. ஒரு கருவியின் பயன்மதிப்பு மாறாமல் இருக்க, பரிவர்த்தனை மதிப்பு மட்டும் ஏறுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை ஆரும் திறக்கலாம். அதுக்குள்ள மறைச்சு வைச்ச ஒண்டும் இல்லை.

இண்டைய ஸ்பீக்கர் அப்பிடியில்லை. உள்ளுக்கு அம்ப், கணினிச் சில்லு, மென்பொருள், தொலைபேசிச் செயலி எல்லாம். 2019 இல் சோனோஸ் கம்பனி செய்ததைப் பாருங்கோ. பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குப் புதியதில் 30 வீதம் கழிவு தந்தார்கள். அதுக்கு நீங்கள் ஒரு பொத்தானை அமத்தவேணும். அமத்தினால் 21 நாளில் நல்லா வேலை செய்கிற உங்கட ஸ்பீக்கர் நிரந்தரமாகச் செயலிழக்கும். அதுக்கு அவர்கள் வைத்த பெயர் "மறுசுழற்சி". பெரிய எதிர்ப்பு வந்த பிறகு 2020 இல் அதைக் கைவிட்டார்கள். ஸ்பொஞ்ச் வளையம் இயற்கையாக உக்கிச்சு. இது கட்டளை போட்டுக் கொன்றது.

சட்டம் எங்க நிற்குது? 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்துவதற்காக டிஜிற்றல் பூட்டை உடைப்பது இனிக் குற்றமில்லை. நல்லது. ஆனால் உதிரிப்பாகம் விற்கவேணும், திருத்தும் கையேடு தரவேணும் எண்டு அது கம்பனியைக் கட்டாயப்படுத்தவில்லை. கியூபெக் 2023 இல் அந்தத் திசையில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஒன்ராறியோவில் 2019 இல் திருத்தும் உரிமைக்கான மசோதா சட்டமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. நாங்கள் வாழுற மாகாணம் இதுதான். எங்கட தொகுதி உறுப்பினர்கள் கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வந்து வேட்டியோட படம் எடுக்கினம். அடுத்த முறை வரேக்க இதைக் கேளுங்கோ.

டைனமோவும் பற்றாசும்

திருத்துற அறிவு எங்களிட்ட இருந்தது எண்டு சொன்னன். 1990 இல் இருந்து வடக்கில் பொருளாதாரத் தடை. பற்றறி, பெற்றோல், இன்னும் எத்தினையோ சாமான் தடைப்பட்டியலில். யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காக மின்சாரம் இல்லை. சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிமித்தி, பெடலைக் கையால சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் ரேடியோவை ஓட விட்டது. ஒருத்தர் சுற்ற, ஒழுங்கையில் இருக்கிற மற்றச் சனம் சுற்றிவர இருந்து பின்னேரம் பிபிசி தமிழோசை கேட்டது. மோட்டார் சைக்கிள் ரெண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிச்சு.

அதை நான் வீரக்கதையாகச் சொல்லேல்லை. தடை சனத்தைக் கொன்றது. மருந்து இல்லாமல் செத்தவை இருக்கினம். வறுமையைக் கெட்டித்தனம் எண்டு கொண்டாடுறது அரசுகளுக்கு வசதியான கதை. நான் கவனிக்கச் சொல்லுறது ஒரு விசயத்தை: அந்த அறிவு ஒருத்தற்ற சொத்தாக இருக்கேல்லை. ஒரு பெடியன் கண்டுபிடிச்சால் அடுத்த கிழமை ஊர் முழுக்கத் தெரியும்.

கனடாவுக்கு வந்த பிறகும் அது அறுந்து போகவில்லை. எங்கட அம்மாமார், அன்ரிமாரில் எத்தினை பேர் இந்த நகரத்து எலெக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலைகளில் நின்று, நாள் முழுக்கப் பலகைகளுக்குப் பற்றாசு வைச்சவை? என்னைவிட அவைக்குக் கை சுத்தம். ஆனால் அந்த வேலையை ஆரும் "தொழில்நுட்பம்" எண்டு சொன்னதில்லை. ஸ்பீக்கர் திருத்துறது எண்டதும் பேஸ்மென்றும் நேரமும் உள்ள ஆம்பிளையளின் விளையாட்டு எண்டுதான் நினைக்கிறம். அந்தத் தம்பியின்ர கேள்வியில் இருந்த நியாயம் இதுதான். தனியாகச் செய்தால் இது அப்பிடித்தான் போகும்: முதல் சோடி கேட்கிறதுக்கு, ரெண்டாவது சோடி விற்கிறதுக்கு, மூன்றாவது சோடி சும்மா அடுக்கி வைக்கிறதுக்கு.

2009 இல் அம்ஸ்ரடாமில் தொடங்கின "ரிப்பெயர் கஃபே" எண்ட முறை 2013 இல் ரொறன்ரோவுக்கும் வந்தது. உடைஞ்ச சாமானைக் கொண்டுவாற ஆள் பக்கத்தில் இருந்து பார்க்கவேணும், முடிஞ்சால் தானே செய்யவேணும் என்பதுதான் அதன் நல்ல பழக்கம். நாங்களும் அதைத்தான் எடுக்கப்போறம்.

ஆகவே

என்னட்ட இப்ப மூன்று சோடி பழைய மொனிட்டர்கள் இருக்கு. ஒரு சோடி, ஸ்காபரோவில் மூடப்பட்ட ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து வந்தது. ஸ்பொஞ்ச் வளையம் முழுக்க உக்கிப்போச்சு, மற்றதெல்லாம் உயிரோட இருக்கு. அதை நான் தனியத் திருத்தப்போறதில்லை. அடுத்த மாதம் ரெண்டு சனிக்கிழமை எடுத்துச் சேர்ந்து செய்வம். முதல் சனிக்கிழமை பற்றாசு வைக்கப் பழக்கிறது, பதினெட்டு வருசம் தொழிற்சாலையில் பலகை செய்த ஒரு அன்ரி. நான் அவவுக்கு ஈயம் எடுத்துக் குடுக்கிற ஆள். பாதிப் பேராவது பெண்கள் வரவேணும் எண்டு கேட்டிருக்கிறம். வாகனம் இல்லாத ஆக்களை ஸ்ரௌவ்வில் கோ ஸ்ரேசனில் வந்து ஏற்றுவம். ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதி, படம் எடுத்து, இதே மின்னஞ்சல் மடலில் போடுவம்.

அது முடிஞ்ச பிறகு அந்தச் சோடி கசெற்று அறைக்குப் போகும். முதல் நாள் கேட்கிறதுக்கு ஒரு கசெற்றும் எடுத்து வைச்சாச்சு. வெளியில "1987, அம்மா" எண்டு மட்டும் எழுதியிருக்கு. எந்த அம்மா, எந்த ஊர் எண்டு எங்களுக்குத் தெரியாது. உங்கட வீட்டில அந்தக் காலத்து ஆக்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவைக்கு நல்ல கதிரை வைச்சிருக்கிறம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ.